பென் டிரைவா, எஸ்எஸ்டியா, வயரா: வன்னியின் பழைய ஆய்வுகூடக் கணினிகளை எதிலிருந்து எழுப்புவது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கத்துப் பாடசாலைகளில் கணினி அறைச் சுவரோரம் ஒதுக்கி வைத்திருக்கும் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பலவற்றில் பழுதானது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். போட், அதாவது மதர்போட், நன்றாக இருக்கும். ராம் 2 அல்லது 4 ஜிபி இருக்கும். கோர் 2 டுவோவோ, முதல் இரண்டு தலைமுறைகளின் ஐ3யோ இன்னும் வேலை செய்யும். கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில், செம்மண் தூசிக்கும் வெக்கைக்கும் நடுவில், நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டு முதலில் சாவது இயல்பு. அந்தக் கணினியை இனி எதிலிருந்து எழுப்புவது, அதாவது பூட் செய்வது, என்பதுதான் கேள்வி.

விண்டோஸை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த வயதுப் பெட்டிகளை ஏற்காது. பென் டிரைவிலிருந்து விண்டோஸை ஓட்டுவதற்கு மைக்ரோசொஃப்ட் தந்திருந்த 'விண்டோஸ் டு கோ' 2020இல் வந்த பதிப்போடு நிறுத்தப்பட்டது. சாதாரண தரப் பிள்ளைகளின் பஸ்காலும் உயர்தரப் பிள்ளைகளின் பைதனும் லினக்ஸில் அப்படியே ஓடும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் டெபியன், உபுண்டு வகை லினக்ஸுக்கானது.

யார், எதுவரை வாசிக்கிறார்

தெரிவுகளை ஒப்பிட முன்பு ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். பழைய பயோஸ், அதாவது சுவிட்சைப் போட்டதும் போட்டில் முதலில் ஓடும் நிரல், தெரிவு செய்த ஊடகத்தின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை மட்டும் நினைவகத்துக்கு எடுக்கும். கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால் ஓடவிடும். அந்த 512இல் நிரலுக்குக் கிடைப்பது முதல் 440 பைட். அதற்குப் பின்னால் டிஸ்க்கின் அடையாள எண், 446இலிருந்து 64 பைட்டுக்குப் பார்ட்டிஷன் அட்டவணை. 440 பைட்டில் எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது. அது லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலின் அடுத்த துண்டை எடுத்துவரும், கிரப் லினக்ஸின் மையமான கெர்னலையும், தொடக்கத்தில் வேண்டிய டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் எடுத்துவரும். இவ்வளவும் பயோஸின் கையால் நடக்கும் வாசிப்பு. கெர்னல் ஓடத் தொடங்கியதும் பயோஸுக்கு வேலை முடிந்தது. பிறகு கெர்னல் தன் சொந்த டிரைவர்களால் டிஸ்க்கைத் தேடும்.

இதனால் 'எதிலிருந்து எழுப்புவது' என்பது உண்மையில் இரண்டு கேள்வி. பயோஸ் எதை வாசிக்க வல்லது என்பது ஒன்று. அதில் பூட் பகுதி இருக்க வேண்டும், அதன் அளவு 100, 200 எம்பிக்குள் அடங்கும். கெர்னல் எதை வாசிக்க வல்லது என்பது மற்றது. ரூட் பகுதி, அதாவது முழு இயங்குதளமும் அதில் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஊடகத்தில் வைத்தே தீர வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் தேவையில்லாமல் பயோஸைத் திருத்தப் போகிறார்கள், அல்லது நல்ல பெட்டியைக் கைவிடுகிறார்கள். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் கிரப்பின் ஒரு வரியும் இனிட்ராம்எஃப்எஸின் ஒரு அமைப்பும்தான்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் போட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரியை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.7 அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். அது செத்துக் கிடக்க, கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் பூட் வரிசை பழையபடி மாறும், டிஸ்க்கைக் கொழுவும் சாட்டா வாசலின் பயன்முறை மாறும், திகதி பல வருடம் பின்னால் போகும். திகதி பிழைத்தால் இணையத் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். நீங்கள் கிரப்பில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்; பிழை பற்றரியில் இருக்கும்.

சாட்டா எஸ்எஸ்டி

சாட்டா வாசல் உள்ள பெட்டிக்கு, சுழலும் தட்டில்லாத இந்த டிஸ்க்தான் குறைந்த தலையிடி. 120 ஜிபி போதும். பழைய சாட்டா 2 வாசலில் செக்கனுக்கு 250 எம்பிக்கு மேல் வாசிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. பயோஸுக்கு இது இன்னொரு ஹார்ட் டிஸ்க், ஆகவே பூட் நிரலில் எதையும் தொட வேண்டியதில்லை.

சிக்கல் வருவது பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும்போது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷன் 63ஆவது செக்டரில் தொடங்கும். அதற்கு முன்னால் கிரப்புக்குக் கிடைக்கும் இடம் 31 கேபி மட்டுமே. இன்றைய கிரப், சில மொடியூல்களைச் சேர்த்தால், அதற்குள் அடங்காது. நிறுவும்போது இடம் போதாது என்று மறுக்கும். புதிதாகப் பிரித்து முதல் பார்ட்டிஷனை 2048ஆவது செக்டரில் தொடங்குங்கள், 1 எம்பி இடம் கிடைக்கும். ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் பிரித்து பயோஸில் எழுப்புவதாக இருந்தால் 1 எம்பியில் 'பயோஸ் பூட்' என்ற தனிப் பார்ட்டிஷன் வேண்டும். அது இல்லாமல் கிரப்புக்கு உட்கார இடமில்லை.

அடுத்தது, பிரதி எடுத்த இரண்டு டிஸ்க்கும் ஒரே யூயூஐடியோடு, அதாவது ஒரே பார்ட்டிஷன் அடையாள எண்ணோடு, இருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் கொழுவினால் கெர்னல் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்எஸ்டியில் எழும்புகிறது என்று நினைத்திருக்க, பழைய டிஸ்க்கில்தான் எழுதிக்கொண்டிருக்கும். பிரதி முடிந்ததும் ஒன்றைக் கழற்றுங்கள், அல்லது புதியதின் யூயூஐடியை மாற்றி, எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பையும் கிரப் அமைப்பையும் திருத்துங்கள்.

ஓரளவு புதிய, பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள பெட்டிகளில் இன்னொரு பொறி உண்டு. கிரப்பை நிறுவும்போது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற குறிப்பு டிஸ்க்கில் அல்ல, போட்டின் நினைவில் பதியும். ஒரு கணினியில் நிறுவிய எஸ்எஸ்டியை இன்னொன்றில் கொழுவினால் எழும்பாததற்குக் காரணம் இதுதான். 'ரிமூவபிள்' தெரிவோடு கிரப்பை நிறுவினால், ஃபாட்32 பார்ட்டிஷனில் எல்லா யூஇஎஃப்ஐயும் தேடிப்பார்க்கும் பொதுவான இடத்தில் கோப்பு போய் உட்காரும். ஆய்வுகூடத்தில் டிஸ்க்குகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எல்லா எஸ்எஸ்டிக்கும் இப்படியே செய்வது நல்லது.

குறை ஒன்றுதான்: இருபது கணினி என்றால் இருபது எஸ்எஸ்டி, இருபது நிறுவல், ஒவ்வொரு தவணையும் இருபது அப்டேட். ஐந்தாறு கணினியுள்ள சிறிய பாடசாலைக்கு வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை.

பென் டிரைவ்

எல்லோர் கையிலும் இருப்பதால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாம் சொல்வது: பூட் பகுதிக்குப் பென் டிரைவ் நல்லது, ரூட் பகுதிக்கு அது கடைசித் தெரிவு. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'பென் டிரைவில் எழும்பவில்லை' என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் குறைந்தது நான்கு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பயோஸின் பட்டியல். பழைய அவார்ட், அமி பயோஸ்கள் பலவற்றில் பென் டிரைவ் 'ரிமூவபிள்' என்ற இடத்தில் தெரியாது. 'ஹார்ட் டிஸ்க் பூட் பிரையோரிட்டி' என்ற உள்பட்டியலுக்குள், ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே நிற்கும். அங்கே போய் மேலே ஏற்ற வேண்டும். ஒருதடவை அதைக் கழற்றி வெறுமனே பெட்டியைப் போட்டால், பயோஸ் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். திரும்பச் செருகினாலும் வரிசை திரும்பி வராது.

இரண்டாவது, பயோஸ் பென் டிரைவை என்னவாகக் காட்டுகிறது என்பது. யூஎஸ்பி-எச்டிடி, யூஎஸ்பி-ஸிப் (ZIP), யூஎஸ்பி-எஃப்டிடி என்று தெரிவுகள் இருந்தால் எச்டிடியையே எடுங்கள். ஃப்ளொப்பியாகக் காட்டினால் அதற்குக் கொடுபடும் எண் பதினறுமத்தில் 80 அல்ல, 00. பார்ட்டிஷன் அட்டவணை உள்ள படிமம் அங்கே குழம்பும்.

மூன்றாவது, வேகம். கெர்னல் எழும்பிய பிறகு யூஎஸ்பி 2 வாசல் செக்கனுக்கு 30 எம்பி அளவு தரும். ஆனால் அதற்கு முன்பு வாசிப்பது பயோஸ், பழைய பயோஸ்கள் சில யூஎஸ்பி 1.1 வேகத்தில்தான் வாசிக்கும்: செக்கனுக்கு 1 எம்பி. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸும் சேர்ந்து 80 எம்பி என்றால், கருந்திரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் எதுவும் அசையாது. பலர் அது தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். இப்படியான பெட்டிக்கு இனிட்ராம்எஃப்எஸைச் சிறிதாக்குவதுதான் மருந்து. அமைப்புக் கோப்பில் மொடியூல்கள் 'மோஸ்ட்' என்று இருப்பதை 'டெப்' என்று மாற்றினால் அந்தப் பெட்டிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், அளவு வெகுவாகக் குறையும். சுருக்கும் முறையை எக்ஸ்இசட்டுக்கு மாற்றினால் இன்னும் குறையும். விரிக்க ஓரிரு செக்கன் கூடினாலும் வாசிப்பில் மிச்சம் பிடிப்பது அதைவிட அதிகம். ஆனால் 'டெப்' போட்டுச் செய்த பென் டிரைவ் அதே மாதிரிப் பெட்டிகளுக்கு மட்டுமே. வேறு சிப்செட் உள்ளதில் செருகினால் ரூட்டைக் காணாது.

நான்காவதுதான் அடிக்கடி வருவது. கிரப் தெரிகிறது, கெர்னல் ஓடுகிறது, சற்றுப் பொறுத்து ரூட்டுக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு செய்தியும், அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு வரியும் வந்து நிற்கிறது. இந்த இடத்தில் அணைக்காதீர்கள், இங்கேயே நோயைக் கண்டுபிடிக்கலாம். 'பிளாக்-ஐடி' (blkid) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பென் டிரைவின் பார்ட்டிஷன் பட்டியலில் இருந்தால் 'எக்சிட்' கொடுங்கள். எழும்புதல் தொடர்ந்தால் அது நேரப் பிரச்சினை. யூஎஸ்பி சாதனங்கள் தெரியவர சில செக்கன் எடுக்கும், கெர்னல் அவசரப்பட்டுவிட்டது. கிரப்பின் கெர்னல் வரியில் 'ரூட்-டிலே' 10 (rootdelay=10) என்று சேர்த்துக் கிரப்பைப் புதுப்பித்தால் போதும். பட்டியலிலேயே இல்லையென்றால் டிரைவர் உள்ளே இல்லை. யூஎஸ்பி-ஸ்டோரேஜ், யூஏஎஸ் மொடியூல்களை மொடியூல் பட்டியலில் எழுதி இனிட்ராம்எஃப்எஸைத் திரும்பக் கட்டுங்கள். பட்டியலில் இருந்தும் 'எக்சிட்' கொடுத்ததும் இதே இடத்துக்குத் திரும்பினால், கெர்னல் வரியில் இருக்கும் யூயூஐடி பிழை, அல்லது இன்னும் 'எஸ்டிஏ' என்று பெயரால் எழுதியிருக்கிறீர்கள். பென் டிரைவ் செருகியதும் எஸ்டிஏ எஸ்டிபியாகிவிடலாம். பெயரை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் யூயூஐடியையே எழுதுங்கள். கிரப்பிலும் அப்படித்தான்: எதிலிருந்து எழும்புகிறதோ அதுவே அதற்கு 'எச்டி0', ஆகவே எண்ணால் எழுதிய அமைப்பு ஊடகம் மாறியதும் உடையும், யூயூஐடியால் தேடும் 'சேர்ச்' வரி உடையாது.

இவை எல்லாவற்றையும் தாண்டி பென் டிரைவில் முழு இயங்குதளமும் ஓடினாலும், அது நீடிப்பதில்லை. மலிவான பென் டிரைவ்கள் சின்னச் சின்ன எழுத்துகளில் மிக மெதுவானவை. ஒரு அப்டேட்டுக்கு ஒரு பாடவேளை போய்விடும். எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் கோப்பு முறை மட்டும் கெடுவதில்லை, உள்ளே இருக்கும் கொன்ட்ரோலரின் சொந்த அட்டவணையே குழம்பி, பென் டிரைவ் ஒட்டுமொத்தமாகச் செத்துவிடலாம். மாரியில் ஒரு நாளைக்குப் பலதடவை கரண்ட் தட்டும் ஊரில் இது சின்ன விடயம் அல்ல. வேறு வழியே இல்லையென்றால் 'ஓவர்லேரூட்' பொதியை நிறுவி, ரூட்டை வாசிப்புக்கு மட்டும் வைத்து, எழுத்தெல்லாம் ராமுக்குப் போகச் செய்யுங்கள். அணைத்ததும் எல்லாம் அழியும், ஆகவே பிள்ளைகளின் கோப்புகளுக்கு வேறு இடம் வேண்டும். 2 ஜிபி ராம் உள்ள பெட்டியில் பிரவுசரின் கேஷே அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பூட் ஒரு பக்கம், ரூட் இன்னொரு பக்கம்

பயோஸ் காணாத ஊடகம் கையில் இருக்கும்போது இந்த வழி. பொதுவான உதாரணம், பிசிஐ எக்ஸ்பிரஸில் கொழுவும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி இருக்கிறது, பெட்டியோ 2010ஆம் ஆண்டுக்காரன். மலிவான பிசிஐ எக்ஸ்பிரஸ் அடப்டரில் பூட்டி, நீண்ட சிலொட்டில் செருகினால் லினக்ஸ் உடனே காணும். 2012இல் வந்த 3.3ஆம் கெர்னலிலிருந்தே அதற்கான டிரைவர் உண்டு. பயோஸ் காணாது, பயோஸ் காட்டாததைக் கிரப்பும் காணாது. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: எம்.2 வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டிகளும் வருகின்றன. அவை இந்த அடப்டரில் வேலை செய்யா.

செய்முறை இதுதான். நிறுவும்போது 'பூட்' என்ற தனிப் பார்ட்டிஷனை, அப்டேட்டில் வரும் புதிய கெர்னல்களுக்கும் இடம் விட்டு 1 ஜிபி அளவில், பென் டிரைவில் அல்லது சாட்டாவில் வையுங்கள். ரூட்டை என்விஎம்இயில் வையுங்கள். கிரப்பை நிறுவும் இடமாகப் பென் டிரைவைக் காட்டுங்கள். அவ்வளவுதான். பூட் பகுதி எழும்பும்போதும் அப்டேட்டின்போதும் மட்டுமே தொடப்படுவதால் பென் டிரைவ் தேய்வதில்லை. போட்டில் 9 ஊசி யூஎஸ்பி தலைப்பு இருக்கும். அதிலிருந்து சாதாரண யூஎஸ்பி வாசலுக்கு ஒரு சிறிய வயர் போட்டு, பென் டிரைவைப் பெட்டிக்கு உள்ளேயே விட்டுவிடலாம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பாட்டுக் கேட்க யாராவது எடுத்துப் போவார்கள்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து எழும்புவதில் இல்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் அப்டேட்டில் இருக்கிறது. ஏதோ காரணத்தால் பென் டிரைவ் பூட் கோப்புறையில் ஏற்றப்படாமல் இருக்கும்போது புதிய கெர்னல் வந்தால், அது என்விஎம்இயில் இருக்கும் வெறும் கோப்புறைக்குள் போய் எழுதப்படும். பென் டிரைவில் பழைய கெர்னல்தான் இருக்கும். சில நாளில் பழைய கெர்னலின் மொடியூல்களைப் பொதி மேலாளர் துப்புரவாக்கும். அடுத்த தடவை எழும்புவது மொடியூல் இல்லாத பழைய கெர்னல்: வலையமைப்பு இல்லை, ஒலி இல்லை, சிலவேளை விசைப்பலகையும் இல்லை. இதைத் தடுக்க எஃப்எஸ்டாப்பில் பூட்டுக்கான வரியை யூயூஐடியால் எழுதி, 'நோஃபெயில்' சேர்க்காமல் விடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், பென் டிரைவ் ஏற்றப்படாத நிலையில் அந்த வெறும் கோப்புறைக்கு 'சிஹெச்-அட்ர்' (chattr) கட்டளையால் மாறாப் பண்பைக் கொடுங்கள். பிறகு ஏற்றாமல் அப்டேட் செய்தால் அது சத்தம்போட்டுத் தோற்கும், அமைதியாகக் கெடுக்காது.

இதே என்விஎம்இக்காகப் பயோஸ் படிமத்துக்குள்ளேயே டிரைவரைச் செருகித் திரும்ப எழுதுவோரும் உண்டு. யூஇஎஃப்ஐ வகைப் படிமங்களில் அது முடியும்தான். ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் போட் செத்தது. மீட்க, சில்லில் எழுதும் சிஎச்341ஏ என்ற கருவியும், எட்டுக் கால் சில்லைப் பிடிக்கும் கிளிப்பும், முன்பே எடுத்து வைத்த பழைய படிமமும் வேண்டும். மூன்றும் கையில் இல்லாத இடத்தில் இதைத் தொடக்கூடாது. பென் டிரைவில் ஒரு பூட் பகுதி அதே பயனைத் தருகிறது.

வயர் வழியாக எழுப்புவது

பதினைந்து, இருபது கணினி உள்ள ஒரு அறைக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான். டிஸ்க்கே வேண்டாம். கணினியின் நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ நிரல் சேர்வரைத் தேடி, பூட் கோப்பை வாங்கி, கெர்னலை எடுத்து, ரூட்டை என்எஃப்எஸ் என்ற வலைவழிக் கோப்புப் பகிர்வு வழியாக ஏற்றும். எல்டிஎஸ்பி என்ற கட்டற்ற மென்பொருள் இதை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. 2019இல் அது புதிதாக எழுதப்பட்ட பின் அமைப்பது முந்தியதைவிட எளிது. சேர்வரில் ஒரு படிமத்தை உருவாக்கினால், எல்லாக் கணினியும் அதையே வாசிக்கும். ஒரு மென்பொருளைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் சேர்த்து, படிமத்தைத் திரும்பக் கட்டினால் அடுத்த நாள் காலை எல்லாவற்றிலும் இருக்கும்.

வன்னிக்கு இதன் பெரிய நன்மை கரண்ட்தான். படிமம் வாசிப்புக்கு மட்டும் உரியது, எழுத்து ராமில். பிள்ளைகளின் கணினிகள் நடுவில் நின்றால் கெடுவதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை. சேர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் ஒரு யூபிஎஸ் போட்டால் காணும். இருபது யூபிஎஸ் வாங்கிப் பராமரிக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேவையானவை: ஐ5 அளவில் ஒரு சேர்வர், 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு, 24 வாசல் சுவிட்ச், கேட் 5இ வயர். சேர்வர் கொழுவும் வாசலாவது ஜிகாபிட்டாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: ஒரு கணினி மேசைத்திரைக்கு வர 300 எம்பி வாசிக்கிறது என்று வைத்தால், இருபதுக்கும் 6 ஜிபி. ஜிகாபிட்டில் ஒரு நிமிடத்துக்குள் முடியும். 100 மெகாபிட் வாசலில் செக்கனுக்கு 11 எம்பி மட்டுமே, ஒன்பது நிமிடம் போகும். பாடவேளையில் கால்வாசி அது.

பெரும்பாலான பாடசாலைகளில் இணையம் தருவது சாதாரண ரவுட்டர், அதில் பிஎக்ஸ்இக்கான அமைப்பு எதுவும் இருக்காது. ரவுட்டரை மாற்றத் தேவையில்லை. சேர்வரில், முகவரியும் பூட் கோப்பின் பெயரும் கொடுக்க வல்ல டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை 'புரொக்சி' பயன்முறையில் ஓட்டினால், முகவரியை ரவுட்டர் கொடுக்கும், பூட் கோப்பின் பெயரை மட்டும் சேர்வர் கொடுக்கும். பயோஸில் 'லான் ஒப்ஷன் ரொம்' என்பதை இயக்க மறக்காதீர்கள். அதை இயக்கும்வரை பூட் வரிசையில் நெட்வொர்க் என்ற தெரிவே தெரியாத போட்கள் பல.

பிஎக்ஸ்இயே இல்லாத, அல்லது உடைந்த பிஎக்ஸ்இ உள்ள பெட்டிக்கு, அதே வேலையைச் செய்யும் ஐபிஎக்ஸ்இ என்ற கட்டற்ற நிரல் இருக்கிறது. அதன் படிமம் ஓரிரு எம்பி. ஒரு பழைய 1 ஜிபி பென் டிரைவில், சீடியில், ஏன் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில்கூட எழுதலாம். முன்னே சொன்ன யூஎஸ்பி 1.1 பயோஸ்கூட அதை இரண்டு செக்கனில் வாசித்துவிடும்; பிறகு கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸும் வயர் வழியே செக்கனுக்கு 11 எம்பி வேகத்தில் வரும். அதாவது அந்தப் பெட்டியில் பென் டிரைவைவிட வயர் பத்து மடங்கு வேகம்.

பிழைப்பது எங்கே? ஒன்று, யாராவது இன்னொரு ரவுட்டரைச் சுவிட்சில் கொழுவினால் முகவரிகள் குழம்பி, சில கணினிகள் எழும்பும், சில எழும்பா. இரண்டு, அலுவலகங்களிலிருந்து வரும் பழைய மனேஜ்ட் சுவிட்ச்களில், வயர்கள் வளையமாகாமல் பார்க்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கும். கணினி எழும்பி வாசல் திறக்க 30 செக்கன் எடுக்கும், அதற்குள் பிஎக்ஸ்இ கைவிட்டுவிடும். அந்த வாசல்களுக்கு, காத்திராமல் திறக்கும் 'போர்ட்ஃபாஸ்ட்' அமைப்பைக் கொடுங்கள். மூன்று, சேர்வர் போனால் அறை முழுவதும் போகும். படிமத்தினதும் பிள்ளைகளின் கோப்புகளினதும் பிரதி வெளி டிஸ்க் ஒன்றில் கிழமைக்கு ஒருதடவையாவது எடுக்கப்பட வேண்டும். நான்கு, இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மின்னல் கூடும் காலத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூரையோரமாக இழுத்த செம்பு வயர் சுவிட்சின் வாசல்களைப் பொசுக்கும். சேர்வரை ஆய்வுகூடத்துக்குள்ளேயே வையுங்கள், கட்டடம் தாண்டும் வயரைப் பாடசாலை விடும்போது கழற்றிவிடுங்கள். வைஃபையில் பிஎக்ஸ்இ இல்லை. வயர் போட முடியாத அறைக்கு இந்த வழி சரிவராது.

ராஸ்பெரி பை கிடைத்திருந்தால்

சில இடங்களுக்கு இந்தக் கையளவுச் சிறு கணினிகள் நன்கொடையாக வருகின்றன. பை 4இல் பூட் வரிசை ஈஈபிரொம் என்ற நினைவுச் சில்லில் எண்ணாக இருக்கும், வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்: 1 என்றால் எஸ்டி கார்டு, 4 யூஎஸ்பி, 2 நெட்வொர்க், எஃப் என்றால் திரும்ப முதலிலிருந்து. பை 3பியில் யூஎஸ்பி பூட்டை இயக்கும் அமைப்பு சில்லில் ஒருதடவை பதியும், பிறகு அழிக்க முடியாது; ஆனால் அதனால் எஸ்டி கார்டில் எழும்புவது நிற்காது. எஸ்டி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் மேலே சொன்ன அதே குறைகள். பை 4இன் யூஎஸ்பி வாசல்கள் எல்லாம் சேர்ந்து 1.2 அம்பியர்தான் தரும், கனமான டிஸ்க் கொழுவினால் இடையில் விழும்.

பூட் நிரலையே திருத்த வேண்டி வந்தால்

மேலே உள்ள எதிலும் 440 பைட்டைத் தொடவில்லை. தொட வேண்டி வருவது, சொந்தமாக ஒரு சிறு இயங்குதளம் எழுதிப் பார்க்கும் உயர்தர மாணவருக்கும், டொஸ் காலத்துப் படிமத்தைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவோருக்கும். அங்கே நான்கு இடத்தைப் பாருங்கள். டிரைவ் எண்ணை 00 என்றோ 80 என்றோ நிரலில் எழுதி வைத்திருந்தால் நீக்குங்கள். பயோஸ் டிஎல் ரெஜிஸ்டரில் தரும் எண்ணைச் சேமித்து, அதையே கடைசிவரை பாவியுங்கள். சிலிண்டர், தலை, செக்டர் என்று வாசிக்கும் பழைய அழைப்பு 8.4 ஜிபிக்கு மேல் எட்டாது. இன்டரப்ட் 13இன் 41ஆம் அழைப்பால் (எண்கள் பதினறுமத்தில்) விரிவாக்கம் உண்டா என்று கேட்டு, இருந்தால் 42ஆம் அழைப்பால் நேரடியாக செக்டர் எண்ணைக் கொடுத்து வாசியுங்கள், இல்லையென்றால் பழையதற்குத் திரும்புங்கள். சீடியில் செக்டர் 2048 பைட், 512 அல்ல. நான்காவதாக, செக்டரின் தொடக்கத்தில், ஊடகத்தின் அமைப்பைச் சொல்லும் பிபிபி அட்டவணைக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். பென் டிரைவை ஃப்ளொப்பியாகக் காட்டும் சில பயோஸ்கள் நினைவகத்துக்கு எடுத்த பிரதியில் அந்த இடத்தில் தாமே எழுதும், அங்கே உங்கள் நிரல் இருந்தால் சிதையும்.

முதலில் கியூஇஎம்யூ என்ற போலிக் கணினி மென்பொருளில் அதே படிமத்தை ஃப்ளொப்பியாக, ஹார்ட் டிஸ்க்காக, யூஎஸ்பியாக மூன்று விதமாகவும் எழுப்பிப் பாருங்கள். பிறகு டிஸ்க்கில் எழுதும்போது 440 பைட்டை மட்டும் எழுதுங்கள். 512ஐயும் எழுதினால் பார்ட்டிஷன் அட்டவணை போய்விடும். 446 எழுதினாலும் டிஸ்க்கின் அடையாள எண் அழியும், அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் அது குழம்பும்.

தெரிவு செய்வது

ஏழெட்டுக் கணினிக்குக் கீழே என்றால் சாட்டா எஸ்எஸ்டி. பதினைந்துக்கு மேல், ஒரே அறை, வயர் போடலாம் என்றால் நெட்வொர்க். இரண்டுக்கும் இடையில் என்றால், யார் பராமரிக்கப் போகிறார் என்று பாருங்கள். லினக்ஸ் தெரிந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் சேர்வரைத் தொட ஆளில்லாமல் போகும் பாடசாலைக்கு, தனித்தனி எஸ்எஸ்டியே பாதுகாப்பு. ஒன்று கெட்டால் ஒன்றுதான் போகும். வலயத்தில் நாலைந்து பாடசாலைகளைப் பார்க்கும் ஒருவர் இருந்தால், அங்கெல்லாம் ஒரே படிமத்தோடு எல்டிஎஸ்பி போடுவது அவருடைய வேலையைப் பாதியாக்கும். உதிரிப்பாகம் வாங்க வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏற வேண்டிய துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களுக்கு, எந்த வழியானாலும் கூடுதலாக ஒரு எஸ்எஸ்டியும், இரண்டு சிஆர்2032உம், எழுப்பிச் சோதித்த ஒரு ஐபிஎக்ஸ்இ பென் டிரைவும் அலுமாரியில் இருக்க வேண்டும். 32 பிட் மட்டும் ஓடும் பென்டியம் 4 பெட்டிகளை இதற்குள் இழுக்காதீர்கள். டெபியன்கூட 2025இல் வந்த 13ஆம் பதிப்போடு அவற்றுக்கான கெர்னலை நிறுத்திவிட்டது.

ஒரு கணினியை முதலில் முழுதாகச் செய்து, ஒப்படைக்க முன்பு இப்படிச் சோதியுங்கள்: ஓடிக்கொண்டிருக்கையில் சுவர் சுவிட்சை மூன்று தடவை, நடுவில் ஒரு தடவை கோப்பு எழுதும் நேரத்தில், அணைத்துப் போடுங்கள். பிறகு வயரைக் கழற்றி ஒரு இரவு விட்டு, காலையில் விசைப்பலகையைத் தொடாமல் சுவிட்சை மட்டும் போட்டுப் பாருங்கள். மேசைத்திரை தானாக வந்து, திகதியும் சரியாக இருந்தால் மிச்சக் கணினிகளைத் தொடங்கலாம். வராவிட்டால் மிச்சத்தைத் தொடாமல் இதிலேயே நின்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.